ஒட்டில் போனவர்

அக்கா,

கார்த்திகை தீபம் வருகிறதென்று கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்திருக்கிறான். நீளப் படத்தை ஆணியிலிருந்து இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அது தொங்கிய இடம் மட்டும் பழைய நீலம் மாறாமல், ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்த அளவுக்குப் பட்டையாகத் தெரிகிறது. ஈரத்துணியோடு கண்ணாடியைத் துடைக்க உட்கார்ந்தேன். சாமி படங்களையெல்லாம் ஒரே இழுப்பில் துடைத்துவிடுகிற கை, இதில் மட்டும் ஒவ்வொரு முகத்திடமும் நின்று நின்றுதான் நகர்கிறது.

உன் வீட்டுக்காரர் மாமா எதிரில் உன்னை 'நீங்க' என்பேன், அடுப்படியில் 'நீ' என்பேன். இதை அடுப்படிப் பேச்சு என்றே வைத்துக்கொள். முதலில் பிள்ளைகள் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்காமல் நீ வேறெதையும் காதில் வாங்க மாட்டாய்.

படத்தின் இடது கோடியில் பான்ட் பையில் கைவிட்டுக்கொண்டு நிற்கிறான் உன் மூத்தவன். பம்பாயில் ரயில் பட்டறையில் போர்மேன் ஆகிவிட்டான். அவன் சரியென்று சொன்னால்தான் ஒரு பெட்டி பட்டறையை விட்டு வெளியே போகுமாம். அவன் பக்கத்தில் ரெட்டை ஜடை உன் மகள். வேலூரில் டீச்சர். அவள் மகன் அஞ்சாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியிருக்கிறான். நான் எந்த வகுப்போடு நின்றேனோ அதே வகுப்பில் நம் வீட்டுப் பையன் முதலாவதாக வந்திருக்கிறான் என்றால், அந்த மார்க்கில் எனக்கும் பங்கு உண்டு, ஆமாம். கீழே சம்மணம் போட்டு, கன்னம் உப்ப மல்லாட்டைக் கடலை மென்றுகொண்டிருப்பவன் என் மகன். கரண்ட் ஆபீசில் என்ஜினீயர். ஊருக்கே கரண்ட் கொடுக்கிறான், நம் வீட்டில் பியூஸ் போனால் மட்டும் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்கிறான். அவனுக்கு மேலே பூப்போட்ட கவுனில் என் மகள். செங்கத்தில் நர்ஸ். அவள் கை ஊசி போட்டால் வலிப்பதில்லை என்று அவளைத் தேடி வருகிறார்களாம். அவள் மகன் என்னிடம்தான் வளர்கிறான். நூறு வரை எண்ணுகிறான், நடுவில் முப்பதுகளை மட்டும் விட்டுவிட்டு.

இந்த இடத்தில்தான் துணி எப்போதும் நின்றுவிடும். என் மகள் தோளில் நான்கு விரல்கள் இருக்கின்றன. பெரிய ஆளின் விரல்கள். அந்த விரல்களுக்கு ஆள் இல்லை. பிள்ளைக்குப் பின்னால் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் மலை நிற்கிறது.

திருவூடல் தெருவில் அந்த ஸ்டுடியோக்காரர் தன் கண்ணாடி அலமாரியில் மலையை மட்டும் நீளமாக எடுத்து ஒட்டி மாட்டியிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? வடக்குச் சரிவில் தொடங்கித் தெற்குச் சரிவு வரை முழு மலை. காய்கறிக்குப் போகும்போதெல்லாம் நீ அங்கே நின்றுவிடுவாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் நீ அங்கேயே நிற்பாய். "இம்மாம் பெரிய மலையவே ஒரு சட்டத்துக்குள்ள அடக்கிட்டான் பாருடி. நம்ம குடும்பத்த அடக்க மாட்டானா?" என்று ஒரு நாள் கேட்டாய். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

ஏனென்றால் அந்த வருஷம் நம் குடும்பம் எந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்குகிற நிலையில் இல்லை. நம் மல்லாட்டை மண்டியில் அண்ணனும் தம்பியும் ஒரே பலகையில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள். மாமா கோயில் உற்சவத்துக்கு உபயம் கொடுக்கிறவர். என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு படிப்பகத்து மேடையில், கல்லைக் கும்பிடுகிறவனுக்கும் கல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர். மண்டிக்கு வருகிற வியாபாரிகள் மாமாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டுவார்கள். ஒரு நாள் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சட்டையக் கழட்டச் சொல்லு. இல்லன்னா வூட்டக் காலி பண்ணச் சொல்லு" என்று உன்னிடம் கத்தினார். தம்பி அடுத்த அறையில்தான் இருந்தார். எல்லாப் பேச்சும் உன் வழியாகத்தான் போய் வந்தது அப்போது.

அந்தச் சமயத்தில் நீ குடும்பப் படம் எடுக்கலாம் என்றால் நான் என்ன நினைப்பேன்? 'மூத்தவன் பம்பாய் போறான், போறதுக்குள்ள எல்லாரும் சேந்து ஒண்ணு' என்று காரணம் சொன்னாய். காரணம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததால்தான் நான் அதை நம்பவில்லை. வீட்டை விட்டு அனுப்பப் போகிறவர்களைக் கடைசியாக ஒரு தரம் நிற்க வைத்துப் பார்க்கிறாய் என்று தோன்றியது.

காலையில்தான் எடுக்க வேண்டும் என்றார் ஸ்டுடியோக்காரர். "சாயங்காலம் சூரியன் மலைக்கு அப்பால பூடும்மா. மூஞ்சியெல்லாம் கறுப்பா வுழும்." மொட்டை மாடியில் சாக்பீசால் ஓர் அரை வட்டம் போட்டு, எல்லாரும் கோட்டில் கால் வைக்க வேண்டும் என்றார். நேராக நின்றால் ஓரத்தில் இருப்பவர்கள் சிறுத்துப்போவார்களாம். நடுவில் முக்காலி மேல் கேமரா. "மூணு தபா எடுப்பேன். மொதல்ல இந்தப் பக்கம், அப்பால நடு, அப்பால அந்தப் பக்கம். மூணும் முடியற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. அசைஞ்சா ஒட்டு சேராது."

"ஒட்டா? இன்னா ஒட்டு?" என்று நான் கேட்டேன்.

"மூணையும் சேத்து ஒட்டினாத்தாம்மா ஒரே படம்."

"அப்ப வெட்டவும் வெட்டுவீங்களா?"

"வெட்டாம எப்பிடிம்மா ஒட்டறது?"

நீ என்னைப் பார்த்து, "ஆரம்பிச்சிட்டியா?" என்றாய். நான் போய் என் கோட்டில் நின்றுகொண்டேன். ஆனால் வெட்டுவான் என்ற வார்த்தையைப் பத்திரமாக மனதில் முடிந்துகொண்டேன்.

அடுத்தது அத்தை. மலை பின்னால் வரும்படி நாற்காலியைப் போட்டதும் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். "பொறந்ததுலேந்து மலைக்கு முதுகு காட்டி நான் ஒக்காந்ததில்ல. நீ வேற பக்கமா திருப்பி எடு" என்றார். வேறு பக்கம் எடுத்தால் பின்னால் தண்ணீர்த் தொட்டிதான் வரும் என்றார் ஸ்டுடியோக்காரர். பெற்ற மகன், என் வீட்டுக்காரராவது சும்மா இருந்திருக்கலாம். "மலைக்கு ஏதும்மா முதுகு, மூஞ்சி? அது கல்லு" என்றார்.

"கல்லுதாண்டா. உன் தலையவிட அது எளகும்" என்றார் அத்தை.

மாமா சிரிப்பை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷத்தில் மாமா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். நீ அத்தையை வலது கோடிக்குக் கூட்டிப் போனாய். "இங்க வளைவு வருது பாருங்க அத்தே. மலை ஒங்க தோள் பக்கம் வரும். முதுகு பக்கத்து வூட்டுக்குத்தான்." அத்தை பக்கத்து வீட்டை ஒரு பார்வை பார்த்தார். "அவங்களுக்குக் காட்டலாம்" என்று உட்கார்ந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்றைக்கும் என் வீட்டுக்காரர் கறுப்புச் சட்டைதான் போட்டிருந்தார். வேண்டுமென்றேதான். என் பக்கத்தில், மகளுக்குப் பின்னால் நின்று, அவள் தோளில் கை வைத்தார். அவருக்கு அந்தப் பக்கம் மாமா நாற்காலியில், மாமாவை ஒட்டி நீ. முதல் படம் எடுத்தாயிற்று. ஸ்டுடியோக்காரர் சுருளைச் சுற்றி, கேமராவை நடுப்பக்கம் திருப்பி, குனிந்து சரிபார்த்தார். கோயிலில் காலைப் பூசை மணி அடித்தது. வெயில் கண்ணில் குத்தியது. நான் இமைக்காமல் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசையக் கூடாது என்றால் அசைய மாட்டேன். சொன்ன பேச்சைக் கேட்கிறவள் நான்.

படம் வாங்கப் போன அன்று உன்னோடு வருகிறேன் என்றேன். "நீ கொழம்பப் பாரு" என்றாய். குழம்பு எங்கே ஓடிப்போகும்? நீ தனியாகப் போனாய், திரும்பி வரும்போது படம் சட்டமும் கண்ணாடியும் போட்டு, ஆணி அடிக்கத் தயாராக வந்தது. வீட்டில் யாருக்கும் காட்டாமல் கண்ணாடிக்குள் அடைத்துக் கொண்டு வருவானேன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அவரவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் மலையைத் தேடி, முழுசாக இருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். இடமிருந்து பார்த்தேன், வலமிருந்து பார்த்தேன். பிறகு கொடிக்கயிற்றைப் பார்த்தேன். பின்னால் நம் துணிக்கொடி இடது பக்கத்திலிருந்து நேராக வந்து, என் மகள் தலைக்குப் பக்கத்தில் அறுந்து, இரண்டு விரற்கடை கீழே மறுபடி தொடங்கியது. அங்கேதான் ஒட்டு. அங்கேதான் மலையில் ஒரு துண்டு மற்ற மலையைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதற்கு அடுத்து மாமா, மாமாவை ஒட்டி நீ. எல்லாரும் நேராகப் பார்க்க, நீ மட்டும் கடைக்கண்ணால் அந்த வெளுத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். வேலை முடிந்தது என்று பார்க்கிற பார்வை என்று நினைத்தேன்.

மத்தியானம் அடுப்படியில் உன்னைப் பிடித்தேன்.

"அக்கா, அவர இன்னாத்துக்கு வெட்டுன?"

"யாருடி வெட்டுனா? ஒட்டுல பூட்டாரு."

"ஒட்டுல உம் புள்ள போவல, உம் பொண்ணு போவல. எம் புருஷன் மட்டும் பூடுவாரா?"

"ஒனக்குச் சந்தேகம் ஜாஸ்திடி."

"எனக்குப் புருஷன் கம்மியாயிட்டாரு. அதான் சந்தேகம் ஜாஸ்தி."

நீ சிரித்துவிட்டாய். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாய். "பாத்தது பாத்தாச்சி, உடு" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உனக்கு எதற்கெடுத்தாலும் அந்தப் பேச்சுதான். யார் எதைப் பார்த்தது என்று நான் அப்போது கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய படிப்பகத்து ஆட்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சாமி படங்களுக்கு நடுவில் புதுப்படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், "இன்னா தோழரே, ஒங்க குடும்பத்துல ஒங்களையே தேட வேண்டியிருக்கே?" என்றார்.

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா? எல்லா எடத்துலயும் இருக்கேன்னு வெச்சிக்கோங்க."

"தோழரே, அது அவங்க கடவுளப் பத்திச் சொல்றது!"

கூடம் அதிர்ந்தது. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். காபி கொண்டுபோன நான் அவர் முகத்தைக் கவனித்தேன். பேனாவை யாராவது எடுத்து இடம் மாற்றி வைத்தாலே வீட்டை இரண்டாக்குகிறவர், தன்னையே படத்திலிருந்து எடுத்ததற்குச் சிரிக்கிறார். அன்றிரவு சாப்பிடும்போது, "ஒங்களுக்குக் கோவமே வரலியா?" என்று கேட்டேன். "ஆளு இங்கதான் ஒக்காந்து சாப்பிடறேன், படத்துல இன்னா இருக்குது?" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்போது என் சந்தேகம் இரண்டாகக் கிளைவிட்டது. உனக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இவருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் பிரிவது என்று முடிவாகி, என்னிடம் மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். எந்த நாளும் மூட்டை கட்டச் சொல்வார்கள் என்று பிள்ளைகளின் துணிகளை ஒரே பெட்டியில் எடுத்து வைத்திருந்தேன். அது உனக்குத் தெரியாது.

யாரும் மூட்டை கட்டச் சொல்லவில்லை. சும்மா இருப்பேனா நான்? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வேறு ஸ்டுடியோவுக்கு அவரையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய், அவரை நடுவில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்து, கூடத்தில் உன் நீளப் படத்துக்கு நேர் எதிரே மாட்டினேன். வருகிறவர்கள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று பார்த்து, கழுத்து வலிக்கிறது என்பார்கள். வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கும்போது என் படத்தையும் நீதான் துடைத்தாய். உன் படத்தை நான் தொடவில்லை. நீ போன பிறகுதான் என் துணி இதன்மேல் படுகிறது.

எதிர் எதிர்ச் சுவரில் படங்கள் தொங்க, கீழே நாம் இரண்டு பேரும் ஒரே முறத்தில் அரிசி புடைத்தோம். உனக்கு எழுத்து தெரியாது. பம்பாயிலிருந்து உன் மூத்தவன் எழுதுகிற கடிதமெல்லாம் என் வாய் வழியாகத்தான் உன் காதுக்குப் போயின. உடம்பு சரியில்லை என்று எழுதினால் வாசிப்பதற்கு முன்னால் உன் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுப்பேன். டம்ளரைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிடும். மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷம் மண்டி தம்பி கைக்கு வந்தது. சட்டை கறுப்பாகவே இருந்தது. மாமா அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

போன ஆனியில் நீ போனாய். பத்தாம் நாள் சடங்குக்கு வைக்க உன் படம் ஒன்று வேண்டுமென்று வீடு முழுக்கத் தேடினோம். கல்யாணங்களில் எடுத்ததில் எல்லாம் நீ யாருக்காவது பின்னால் தட்டு ஏந்திக்கொண்டு நிற்கிறாய். முகம் முழுசாகத் தெரிவது இந்த நீளப் படத்தில்தான். "ஸ்டுடியோல பழைய நெகட்டிவ் இருக்கும். அண்ணி மொகத்த மட்டும் பெருசாக்கித் தரச் சொல்றேன்" என்று அவர் எழுந்தார்.

"நானும் வர்றேன்."

"நீ இன்னாத்துக்கு? வூட்ல ஆளுங்க இருக்காங்க, பாத்துக்கோ."

குழம்பைப் பார் என்று நீ சொன்ன அதே குரல். அது போதும் எனக்கு. அவர் குளிக்கப் போனதும் செருப்பை மாட்டிக்கொண்டு நான் முதலில் போய்விட்டேன்.

ஸ்டுடியோக்காரருக்கு வயசாகிவிட்டது. நீ போனதைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். தகர டப்பாக்களைக் கிளறி ஓர் உறையை எடுத்தார். அதற்குள் ஒட்டுவதற்கு முந்தின மூன்று படங்கள் தனித்தனியாக இருந்தன. கண்ணாடி மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார்.

முதல் துண்டில் என் மகள் தோளில் கை. கைக்குப் பின்னால் பாதி ஆள், ஓரத்தில் அறுந்து. கடைசித் துண்டில் அத்தையும் அவர் தங்கையும். நடுத் துண்டின் இடது ஓரத்தில் ஒரு கறுப்புச் சட்டையின் முதுகு இருந்தது. மலையைப் பார்த்து நின்ற முதுகு. இரண்டு கையும் தலைக்கு மேலே போய்க் குவிந்திருந்தன. கை தூக்கியதில் சட்டை மேலே ஏறி, இடுப்பில் பனியன் தெரிந்தது. அந்தப் பனியனைத் துவைக்கிறவள் நான். யார் முதுகு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மணி அடித்தது, அக்கா. நான் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அப்போது. மலையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. மணி சத்தம் கேட்டதும் கை தானாகப் போயிருக்கிறது, சட்டை என்ன நிறம் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று இருந்திருப்பார். பக்கத்திலேயே மாமா கேமராவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ மட்டும் கண்ணைத் திருப்பி அவரைப் பார்க்கிறாய், வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அந்தம்மா அன்னிக்கு இதத்தாம்மா கையில எடுத்துப் பாத்தாங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். "நான் சொன்னேன், மொதல் படத்துல பாதி இருக்காரு, இதுல மீதிய சேக்கலாம், ஆனா முன்பக்கம் பாதி, முதுகு பாதின்னு வருமேன்னு. 'வேணாம், ஆளையே எடுத்துடுங்க, மலைய வெச்சி மூடிடுங்க'ன்னாங்க. வூட்ல கேப்பாங்களேன்னேன். 'எந் தங்கச்சிதான் கேப்பா, அவளுக்கு நான் சொல்லிக்கறேன்'னாங்க." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லலீங்களா?"

"சொன்னாங்க" என்றேன்.

வேறென்ன சொல்வது? நடுத் துண்டை நான் எடுத்துக்கொண்டேன். நெகட்டிவும் வேண்டுமா என்றார். "நீங்களே வெச்சிக்கோங்க. வெச்ச எடத்த மட்டும் மறந்துடுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். துண்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், எதிரே என் வீட்டுக்காரர் வேகமாக வருகிறார், தலை ஈரம்கூடக் காயவில்லை.

"அதுக்குள்ள வந்துட்டியா? இன்னா சொன்னாரு?"

"சடங்குக்குள்ள தர்றேன்னாரு."

"வேற?"

"வேற இன்னா சொல்லணும்?"

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பார்த்தேன். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். அன்றையிலிருந்து எனக்குத் தெரியுமா என்று அவருக்குச் சந்தேகம். அவருக்குச் சந்தேகமா என்று எனக்குச் சந்தேகம்.

அக்கா, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு உன் மேல் இன்னும் இரண்டு சந்தேகம் இருக்கிறது.

ஒன்று, நீ அவர் மானத்தைக் காப்பாற்றினாயா, இல்லை உன் கையில் ஒரு பிடியாக வைத்துக்கொண்டாயா? அந்தப் படம் வந்த பிறகு அவர் உன் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை. அத்தைக்கு விளக்கு எண்ணெய் வாங்கிக் கோயில் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுங்கள் என்றால்கூட, 'அண்ணி சொன்னா சரி' என்று மிதிவண்டியை எடுத்தார். அது மரியாதையா, பயமா? பல நாள் இதைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுதான் இடிக்கிறது. அந்தத் துண்டை நீ மாமாவிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே சண்டை முடிந்திருக்கும். மாமா ஜெயித்திருப்பார், தம்பி வாழ்நாள் முழுக்க அண்ணன் முன்னால் தலை குனிந்திருப்பார். கூடத்தில் மாட்டியிருந்தால் படிப்பகத்து ஆட்கள் ஊரெல்லாம் சிரித்திருப்பார்கள். பிடி வேண்டும் என்கிறவள் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பாள். நீ சொந்தப் புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை. அதனால் இந்தச் சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். மீதிப் பாதி இருக்கட்டும், அது இல்லாவிட்டால் உன் ஞாபகமாகத் தோன்றாது.

இரண்டாவதுதான் பெரியது. எனக்கு நீ சொல்லிக்கொள்கிறேன் என்றாயே, ஏன் சொல்லவில்லை? உன் மகன் அடிபட்டுக் கிடந்தபோது வந்த கடிதத்தை என் வாயை நம்பித்தானே கேட்டாய். உன் மகளுக்கு வந்து தட்டிப்போன சம்பந்தங்களில் எதையாவது நான் வெளியே சொன்னேனா? இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் என் வாய் ஆகாமல் போயிற்றா? கோபம் வந்த வேகத்தில் அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன் என்று பயந்தாயா? நான் உன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று எத்தனை தரம் சிரித்தாய். நீ என்னைச் சந்தேகப்பட்டாய், அக்கா. சத்தமில்லாமல், இத்தனை வருஷம். கூடத்தில் அந்த வெளுத்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

சடங்கில் உன் முகத்தைப் பெரிசாக்கி மாலை போட்டு வைத்தோம். 'ஏன் பெரியம்மா நேரா பாக்கல?' என்று என் மகள் கேட்டாள். 'போட்டோ புடிச்சவரு அவசரப்பட்டுட்டாரு' என்றேன். என் வீட்டுக்காரர் சாம்பிராணிப் புகைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி உன் படத்தைப் பார்த்தார். அதைப் பாராததுபோல் நான் பூக்கூடையை நகர்த்தினேன்.

இப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்றும் கேட்டுக்கொள். காலையில் அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறார். மணி அடித்து அடங்கியதும் இறங்கி வருகிறார். பேப்பர் பல நாள் மடிப்புக் கலையாமலே வருகிறது. இத்தனை வருஷமும் அப்படித்தானா, நீதான் அந்த நேரத்தில் எங்களையெல்லாம் ஆளுக்கொரு வேலை சொல்லிக் கீழேயே வைத்திருந்தாயா என்று இப்போது யோசிக்கிறேன். அந்த நேரத்துக்குத் துணி காயப்போட நான் மேலே போவதில்லை. நேற்று பேரன் படியில் பாதி ஏறிவிட்டான்.

"ஆயா, தாத்தா மேல இன்னா பண்றாரு?"

"பேப்பர் படிக்கறாரு. நீ கீழ வா, மல்லாட்டை தர்றேன்."

வந்துவிட்டான். நடுத்துண்டு என் கூறைப்புடவை மடிப்புக்குள் இருக்கிறது. மாமாவுக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, அவரிடமே கேட்கவில்லை. என் வாயைப் பற்றி நீ நினைத்தது தப்பு என்று உனக்குக் காட்ட எனக்கு இனிமேல் வேறு வழியில்லை. அதனால்தான் எழுதினேன்.

சுண்ணாம்பு காய்ந்ததும் நீளப் படம் அதே ஆணிக்குப் போகும். உன் மூத்தவனுக்கு ஆவணியில் பெண் பிறந்திருக்கிறாள், உன் மூக்காம். அவனுக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதி ஒட்டிவிட்டேன். குழந்தையை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு நின்று ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு, யார் எந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தாலும் பரவாயில்லை, வெட்டாமல் அப்படியே அனுப்பு, சித்தி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன்.